மலைப்பிள்ளைகள் தொழிற்பயிற்சியில் சேர்கிறார்கள், ஆனால் முடிப்பதில்லை: மனுவில் எதைக் கேட்பது?

கேள்வி: சேர்வராயன் மாலை வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறு குழு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். எங்களிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள். பெற்றோரில் பலர் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறார்கள். சிலருக்கு ஓரிரு ஏக்கர் நிலமும் அதில் கொஞ்சம் காப்பியும் மிளகும் உண்டு.

2022ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்த ஆறு பேரைக் கீழே சமவெளியில் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்த்துவிட்டோம். நான்கு பையன்கள், இரண்டு பெண்கள். எல்லோரும் இரண்டாண்டுப் பிரிவுகளில்தான் சேர்ந்தார்கள். 2024இல் சான்றிதழோடு வெளியே வந்தவர்கள் இருவர் மட்டுமே.

மற்ற நால்வரும் எங்கே விழுந்தார்கள் என்பதைச் சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். பிட்டர் பிரிவில் சேர்ந்த ஒருவன் நவம்பர் இறுதியில் காப்பிப்பழம் பறிக்க வீட்டுக்கு வந்தான். தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை, வீட்டில் கடன். தை பிறந்த பிறகே திரும்பப் போனான். வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதால் அவனைத் தேர்வெழுத அனுமதிக்கவில்லை. இன்னொருவனுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கைக்கு வரவே மாதங்கள் ஆயின. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரே சான்று வழங்கிவிடுகிறார். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும் என்பதால் விசாரணைக்கும் நினைவூட்டலுக்குமாக அவனுடைய தந்தை எத்தனையோ நாள் கூலியை இழந்து மலையிறங்கினார். சான்று இல்லாததால் கல்வி உதவித்தொகை வரவில்லை, கைப்பணம் தீர்ந்தது, பையன் திருப்பூருக்குப் போய்விட்டான். மூன்றாமவள் ஒரு பெண். விடுதியில் இடம் கிடைக்காமல் தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிப் பயிற்சிக்குப் போய் வந்தாள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து அவளுடைய ஊருக்கு இருட்டில் நடக்க வேண்டும். தீபாவளிக்குப் பிறகு பெற்றோர் அனுப்ப மறுத்துவிட்டார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை.

நான்காமவன் செவித்திறன் குறைபாடு உடையவன். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் எலக்ட்ரீசியன் பிரிவில் இடம் கிடைத்தபோது எங்கள் குழுவில் இனிப்பு வழங்கினோம். அவனுக்குக் காது கேட்காது என்ற செய்தி சேர்க்கைப் படிவத்தில் இருந்ததே தவிர, வகுப்பில் பாடம் நடத்தியவருக்கு நான்கு மாதம் வரை யாரும் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் அவன் நின்றுவிட்டான்.

என்னை உறுத்துவது இதுதான்: ஏட்டின்படி இந்த ஆறு பேர் விஷயத்திலும் அரசின் கொள்கை நிறைவேறிவிட்டது. பழங்குடியினர் இடம், மகளிர் இடம், மாற்றுத்திறனாளி இடம் ஆகிய அனைத்தும் நிரம்பின. அந்த இடத்தில் அமர்ந்தவர் என்ன ஆனார் என்று எந்தப் படிவமும் கேட்பதாகத் தெரியவில்லை. வரும் அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானமும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான திறன் மேம்பாட்டுக் குழுவுக்கு ஒரு மனுவும் கொண்டுபோக எண்ணியுள்ளோம். இன்னும் இடங்கள் வேண்டும் என்று கேட்பதா, மலைமேல் ஒரு பயிற்சி நிலையம் வேண்டும் என்று கேட்பதா, வருகை விதியைத் தளர்த்தச் சொல்வதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற உதவிப் பயிற்சி அலுவலர், சேலம்

சகோதரிக்கு வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டர் பிரிவுக்குப் பயிற்சி அளித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், வருகை விதியைத் தளர்த்தச் சொல்லி மனு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிட்டர் பிரிவில் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் அரம் பிடிப்பதிலேயே கழியும். ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்து, மட்டமாகவும் செங்கோணமாகவும் ராவி எடுப்பதற்குள் கை காய்த்துப்போகும். அந்தப் பழக்கத்தின் மேல்தான் துளையிடுவது, மரை வெட்டுவது, இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துவது எல்லாம் வருகின்றன. நடுவில் ஆறு வாரம் விடுபட்டவனை விதியைத் தளர்த்தித் தேர்வில் உட்காரவைத்தால், அவன் கையில் சான்றிதழ் இருக்கும், தொழில் இருக்காது. அவனை வேலைக்கு எடுத்தவர் அடுத்த மலைப்பிள்ளையை எடுக்கமாட்டார்.

கேட்க வேண்டியது வேறு. விடுபட்ட நாட்களை ஈடுசெய்யும் செய்முறை வகுப்புகளை மாலையிலும் சனிக்கிழமையிலும் முறையாக நடத்தி, அவற்றையும் வருகைக் கணக்கில் சேர்க்க வழி செய்யுங்கள் என்று கேளுங்கள். காப்பி அறுவடை எப்போது வரும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்டில் சேரும் பிள்ளை நவம்பரில் என்ன செய்யப்போகிறது என்பதை நவம்பரில் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நூறு நாளுக்கு இருபது நாள்தான் விடுப்பு என்ற கணக்கைச் சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம் விரலை மடக்கிச் சொல்லியிருந்தால், என்னிடம் படித்த சிலரை நான் இழந்திருக்கமாட்டேன். நான் அதைச் செய்யவில்லை.

இரண்டாவது, மலைமேல் ஒரு பயிற்சி நிலையம். கல்வராயன் மலையில் கருமந்துறையில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆனால் ஏற்காட்டுப் பிள்ளை அங்கே போக வேண்டுமானால் ஒரு மலையை இறங்கி, சேலம் வந்து, வாழப்பாடி வழியாக இன்னொரு மலையை ஏற வேண்டும். ஆகவே உங்கள் கோரிக்கை நியாயமானதே. எனினும் கட்டடம் எழுவதற்கும் பயிற்றுநர் பணியிடங்கள் நிரம்புவதற்கும் ஆண்டுகள் ஆகும். மலைமேல் நியமிக்கப்படும் பயிற்றுநர் இடமாறுதல் கேட்டுக்கொண்டே இருப்பார் என்பதையும் அனுபவத்தில் அறிவேன். அந்தக் கோரிக்கையைத் தீர்மானத்தில் வையுங்கள்; இந்த ஆண்டுப் பிள்ளைகளை அதை நம்பிக் காத்திருக்கவைக்காதீர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு நிலையங்களில் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, வரைபடக் கருவி, மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை ஆகியவை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. உங்கள் பையன்கள் படித்த இரண்டு ஆண்டுகளும் இந்தப் பின்னதற்கு முந்தையவை. இப்போது சேர்பவர்களின் நிலை அந்த அளவுக்குப் பரவாயில்லை. ஆனால் தொகை வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆதார் இணைக்கப்படாததாலும், நெடுநாள் பயன்படுத்தாமல் கணக்கு முடங்கியதாலும் பணம் திரும்பிப்போன மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்தேன். இதைச் சரிசெய்யப் பெரிய கொள்கை மாற்றம் வேண்டியதில்லை. ஏற்காட்டிலேயே ஒரு நாள் முகாம் போதும். அதே முகாமுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தினரும் வந்தால் சாதிச் சான்றுச் சிக்கலும் பாதி தீரும்.

உங்கள் நான்காவது மாணவனைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்தது. எனக்கும் அப்படி ஒரு மாணவன் இருந்தான். நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறேன். அவன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவன் என்பது தெரிந்த பிறகும் பழக்கத்தில் திரும்பித் திரும்பி நின்றிருக்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இட ஒதுக்கீட்டோடு நிற்கவில்லை. அதன் 19ஆம் பிரிவு, பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்ப்பதையும், அதற்கான உதவிகளைச் செய்வதையும் அரசின் கடமையாக்குகிறது. ஒவ்வொரு செய்முறைக்கும் படத்தோடு கூடிய வேலை அட்டை, இயந்திரம் ஓடுவதைக் காட்டும் விளக்கு, பயிற்றுநர் நிற்கும் இடம் தெரியும்படி முன்வரிசை இருக்கை: இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு டிரில்லிங் இயந்திரத்தின் விலையில் சிறு பங்குகூட வராது. சேர்க்கை முடிந்த வாரத்திலேயே பயிற்றுநருக்கு எழுத்துப்பூர்வமாகத் தகவல் தர வேண்டும் என்பதை மனுவில் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

பதில்: மிளகுக்கொடி

வணக்கம் அக்கா. நானும் மலையிலிருந்து வந்தவள்தான். எலக்ட்ரீசியன் முடித்து இப்போது சேலத்தில் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். அவர் தொடாத சிலவற்றை நான் சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் நிரப்ப உதவியவர்கள் எல்லோரும் என்னைத் தையலிலோ கணினி இயக்குபவர் பிரிவிலோ சேரச் சொன்னார்கள். அவை தாழ்ந்தவை என்று நான் சொல்லவில்லை. என் சித்தி முப்பத்து நான்கு வயதில் தையல் பிரிவில் சேர்ந்து இன்று சொந்தமாகத் தைத்துப் பிழைக்கிறார். பெண்களுக்கு வயது உச்சவரம்பு இல்லை என்பதே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது, அதையும் கிராம சபையில் சொல்லுங்கள். ஆனால் எந்தத் தொழில் வேண்டும் என்று என்னைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டு மின்கம்பியை அப்பா பிளேடால் சீவி ஒட்டுப்போடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதைச் சரியாகச் செய்வது எப்படி என்று கற்க வேண்டும் என்பதுதான் ஆசை.

என் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். பட்டறைக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அலுவலகக் கட்டடத்துக்கு நடந்துபோய், சாவி கேட்டு வாங்கி, திரும்பி வருவதற்குள் செய்முறையில் பாதி முடிந்திருக்கும். மாதவிடாய் நாட்களில் விடுப்பு எடுத்துவிடுவேன். இரண்டு ஆண்டுகளில் அப்படி விட்ட நாட்களைக் கூட்டிப் பாருங்கள் அக்கா. காப்பிப்பழம் பறிக்கப் போகாமலேயே நானும் 80 விழுக்காட்டின் விளிம்புக்கு வந்தேன்.

விடுதி இடம் கிடைத்ததால்தான் நான் முடித்தேன். அதுவும் பயிற்சி தொடங்கி மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த மூன்று மாதமும் கன்னங்குறிச்சியில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் தங்கினேன். தெரிந்தவர் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? சேர்க்கை ஆணையும் விடுதி ஆணையும் ஒரே நாளில் கையில் கிடைக்க வேண்டும். உங்கள் மனுவில் ஒரே ஒரு கோரிக்கைக்குத்தான் இடம் என்றால் இதைத்தான் எழுதச் சொல்வேன்.

பதில்: தொழிற்பேட்டைப் பட்டறை

சேலத்தில் பதினான்கு பேர் வேலை செய்யும் பட்டறை நடத்துகிறேன். விசைத்தறிக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் உதிரி பாகங்கள் கடைகிறோம். வேலை தருபவர் பக்கத்திலிருந்து இரண்டு செய்திகள் மட்டும்.

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை, அதாவது வேலையிடத்திலேயே தொழில் பழகுபவர்களை, கட்டாயம் எடுக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்ற பிரிவும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 4 முதல் 29 பேர் வரை உள்ள என்னைப் போன்றவர்களுக்கு அது விருப்பம் மட்டுமே. சேலத்தில் பெரும்பாலான வேலை இப்படிப்பட்ட சிறு இடங்களில்தான் நடக்கிறது. கொலுசுப் பட்டறைகளில் பலவற்றில் நான்கு பேர்கூட இருக்கமாட்டார்கள். ஆகவே பயிற்சி முடித்த பிள்ளைக்குச் சட்டம் தரும் வாய்ப்பு சில பெரிய ஆலைகளின் வாசலோடு நின்றுவிடுகிறது. பழகுநர் உதவித்தொகையில் கால் பங்கு, அதிகபட்சம் 1500 ரூபாய் வரை, ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் 2016 முதல் உள்ளது. நான் ஒரு முறை பதிவு செய்து, ஒரு பையனை எடுத்தேன். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அந்தத் தொகை போதாமல் அவன் எட்டாவது மாதம் மலைக்குத் திரும்பினான். அப்போது நான், மலைப்பிள்ளைகள் ஓரிடத்தில் நிலைக்கமாட்டார்கள் என்று நண்பர்களிடம் சொன்னேன். மேலே எழுதியிருப்பதைப் படித்த பிறகு, அது தவறான பேச்சு என்று இங்கே பதிவு செய்கிறேன். பயிற்சிக் காலத்துக்கு இருக்கும் விடுதி பழகுநர் காலத்துக்கும் நீள வேண்டும் என்று கேளுங்கள்.

இன்னொன்று: எலக்ட்ரீசியன் பிரிவில் பாதியில் நின்ற அந்தத் தம்பியை, அவருக்கு விருப்பம் இருந்தால், அவருடைய அக்காவோ அண்ணனோ யாராவது ஒருவரோடு பட்டறைக்கு அழைத்து வாருங்கள். என்னிடம் மோட்டார் சுற்றும் வேலை இருக்கிறது. உறுதி எதுவும் தர முடியாது, ஆனால் உட்கார்ந்து பேசலாம்.

பதில்: மிட்லண்ட்ஸ் விரிவுரையாளர்

வணக்கம். அம்மாபேட்டையில் பிறந்தவன், இப்போது இங்கிலாந்தில் தொழிற்கல்விக் கல்லூரி ஒன்றில் பணிபுரிகிறேன். இங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. உங்கள் மனுவுக்குப் பயன்படக்கூடிய ஓர் ஒப்பீடும் ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றன.

இங்கிலாந்து முழுவதும் 2004 முதல், குறைந்த வருமானக் குடும்பத்துப் பதினாறு வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு வாரம் 30 பவுண்டு வரை கல்வித் தொடர்ச்சிப் படி தந்தார்கள். மாதத்துக்கு ஒரு முறை அல்ல, வாரந்தோறும். அந்த வாரம் ஒழுங்காக வந்தவருக்கு அந்த வாரமே. கூலி வேலையின் தாளம் வாரச் சம்பளம் என்பதால் அது வீட்டின் நெருக்கடிக்கு நேராகப் பதில் சொன்னது. 2010இல் வந்த அரசு, பெரும்பாலான மாணவர்கள் பணம் தராவிட்டாலும் படிக்கவே செய்வார்கள் என்று சொல்லி அதை இங்கிலாந்தில் நிறுத்தியது. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் அது தொடர்ந்தது. அந்தப் பெரும்பாலானவர்களில் சேராத மாணவன்தான் நம் பேச்சுக்கு உரியவன். உங்கள் மலையில் அறுவடைக் கூலி கையில் கிடைக்கும் அந்த ஆறு வாரங்களுக்கு மட்டும் உதவித்தொகையை வாரந்தோறும், சற்றுக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

எச்சரிக்கை இது. இங்கே கல்லூரிக்கு வரும் நிதியில், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை இருந்தார்கள் என்பதும் ஒரு காரணி. சேர்க்கையை மட்டும் எண்ணாமல் நிலைத்தவரை எண்ணுவது நல்லதே. ஆனால் நிலைக்கமாட்டார் என்று தோன்றும் மாணவரைச் சேர்க்கும்போதே நயமாகத் தவிர்க்கும் சபலம் அதோடு சேர்ந்து வருகிறது. ஆகவே, முடித்தவர் எண்ணிக்கையை வெளியிடச் சொல்லுங்கள். அதை வைத்து நிலையத்தைத் தண்டிக்கச் சொல்லாதீர்கள்.

பதில்: ஓய்வுபெற்ற உதவிப் பயிற்சி அலுவலர், சேலம்

விரிவுரையாளர் தம்பி சொன்னதை ஒட்டி இன்னும் ஒன்று. எண்ணிக்கை வேண்டும் என்றால் மனு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்காதீர்கள். அது தேர்வுக்கு உட்கார்ந்தவர்களை வைத்துப் போடும் கணக்கு, உங்கள் நான்கு பிள்ளைகளும் அதில் இருக்கவே மாட்டார்கள். சேர்ந்தவர் எத்தனை பேர், முதலாண்டு இறுதியில் பெயர்ப்பட்டியலில் இருந்தவர் எத்தனை பேர், தேர்வெழுத அனுமதிக்கப்பட்டவர் எத்தனை பேர், சான்றிதழ் பெற்றவர் எத்தனை பேர் என்று சமூகம், பாலினம், மாற்றுத்திறன் வாரியாக, நடந்து முடிந்த மூன்று பயிற்சிக் காலங்களுக்குக் கேளுங்கள்.

பெற்றோரிடம் சொல்வதற்கும் ஒரு செய்தி உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர், தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகக் கொள்ளப்படுவார். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இது படிப்பு முடிந்துபோகும் வழி என்ற எண்ணத்தில்தான் பலர் பிள்ளையைப் பாதியில் அழைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்: சேர்வராயன் மாலை வகுப்பு

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு எங்கள் குழு கூடி இந்தப் பதில்களை உரக்கப் படித்தோம். வருகை விதியைத் தளர்த்தக் கேட்கும் பத்தியை நீக்கிவிட்டோம். தங்கை மிளகுக்கொடி சொன்னதை முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறோம்: சேர்க்கை ஆணையோடு விடுதி ஆணை. அடுத்து, பட்டறைக் கட்டடத்திலேயே பெண்களுக்குக் கழிப்பறை. பிறகு ஈடுசெய்யும் செய்முறை வகுப்புகள், அறுவடைக் கால வாரத்தொகை, ஏற்காட்டில் சான்றிதழ் மற்றும் வங்கிக் கணக்கு முகாம், பயிற்றுநருக்கு எழுத்துப்பூர்வத் தகவல், பழகுநர் காலத்திலும் விடுதி. மலைமேல் பயிற்சி நிலையம் என்பது மனுவில் இல்லை. கிராம சபைத் தீர்மானத்தில் இருக்கும். தகவல் உரிமை விண்ணப்பம் திங்கட்கிழமை அஞ்சலில் போகிறது.

பட்டறை நடத்தும் அண்ணனுக்கு: அவனுடைய அக்காவிடம் பேசினேன். அவன் இப்போது மிளகுக்கொடி கட்டும் வேலைக்குப் போகிறான். முதலில் வர மாட்டேன் என்று கைகாட்டினான். மோட்டார் சுற்றும் வேலை என்று அவள் எழுதிக் காட்டியதும், எந்த அளவுக் கம்பி என்று எழுதிக் கேட்டானாம். ஞாயிறு காலை முதல் பேருந்தில் இருவரையும் அழைத்து வருகிறேன்.

ஐயா, இந்த ஆண்டு ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். அக்டோபர் மாதம் அவர்களுடைய பெற்றோரை ஒரு மாலை கூட்டினால், அந்த இருபது நாள் கணக்கைத் தாங்களே வந்து சொல்ல இயலுமா?

பதில்: ஓய்வுபெற்ற உதவிப் பயிற்சி அலுவலர், சேலம்

வருகிறேன் அம்மா. தோட்ட வேலை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்தைப் பார்த்து நாளைக் குறியுங்கள். பிள்ளைகளின் இதுவரையிலான வருகை நாட்களை ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் இன்னும் எத்தனை நாள் மீதி என்பதை அங்கேயே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.